வீடியோ இ.இ.ஜி.: வந்தது வலிப்புதானா என்று உறுதிசெய்வது எப்படி?

ஒருவர் திடீரென்று விழுந்து கைகால் உதறினால், பார்த்தவர்கள் வலிப்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் இதயம் சில நொடிகள் துடிக்காமல் நின்று மூளைக்கு ரத்தம் போகாதபோதும் கைகால் உதறும். 1994-ல் ஜெர்மனியில் ஆரோக்கியமான தன்னார்வலர்களை மயங்கவைத்து வீடியோ எடுத்தார்கள். மயங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உடல் துள்ளியது. செயல்சார் வலிப்பு எனப்படும் நிகழ்விலும் உடல் உதறும்; அதில் மூளையில் வலிப்பு மின்னோட்டம் எதுவும் இருக்காது. இந்த மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. இதயம் நின்று நின்று ஓடுபவருக்கு வலிப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. செயல்சார் வலிப்பு உள்ளவருக்குக் கொடுத்தால் பக்கவிளைவு மட்டும்தான் மிஞ்சும்.

இவற்றைப் பிரித்தறிய இன்று இருக்கும் நம்பகமான வழி வீடியோ இ.இ.ஜி. இ.இ.ஜி. என்பது மூளையின் மின் அலைகளைத் தலைக்கு வெளியிலிருந்து எடுக்கும் பதிவு. வீடியோ இ.இ.ஜி.யில் கேமராவும் மூளை அலைப் பதிவும் இதயத்துடிப்புப் பதிவும் ஒரே கடிகாரத்தில் ஓடும். நோயாளிக்கு வழக்கமாக வருகிற அதே நிகழ்வு பதிவில் விழ வேண்டும். உடல் என்ன செய்தது, அதே நொடியில் அலை என்ன செய்தது என்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

சாதாரண இ.இ.ஜி. ஏன் போதாது

சாதாரணப் பதிவு 20 முதல் 30 நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் வலிப்பு வருவது அரிது. எனவே வலிப்புகளுக்கு இடைப்பட்ட வேளையில் தலைகாட்டும் கூர்முனை அலைகளைத்தான் தேடுவார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதல் பதிவில் அவை தெரிவதில்லை. தூக்கத்தோடு சேர்த்துத் திரும்பத் திரும்ப எடுத்தால் வாய்ப்பு கூடும், ஆனாலும் சிலருக்கு எப்போதும் இயல்பாகவே இருக்கும். ஆகவே இ.இ.ஜி. இயல்பாக இருக்கிறது என்பதால் வலிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எதிர்த்திசைத் தவறு இதைவிடக் கொடியது. ஆரோக்கியமானவர்களின் பதிவிலும், குறிப்பாக அரைத்தூக்கத்தில், கூராகத் தெரியும் தீங்கற்ற அலைகள் பல உண்டு. அதை யாரோ ஒருவர் வலிப்பு அலை என்று எழுதிவிட்டால், அந்த ஒரு வரி கோப்போடு ஆண்டுக்கணக்கில் பயணம் செய்யும். செயல்சார் வலிப்பு உள்ளவர்களுக்குச் சரியான நோயறிதல் கிடைக்கச் சராசரியாக 7 ஆண்டுகள் ஆனதாக 2002-ல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு சொன்னது. தாமதத்துக்குத் தவறாகப் படிக்கப்பட்ட இ.இ.ஜி. ஒரு முக்கியக் காரணம். சந்தேகம் இருந்தால் பழைய அறிக்கையை மட்டும் வாங்காதீர்கள், அலைப்பதிவையே கேட்டு வாங்கி மறுபடி படிக்கச் செய்யுங்கள்.

படி 1: கேள்வியை முடிவுசெய்தல்

அனுமதிக்கும் முன்பே பரிந்துரைக் கடிதத்தில் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். இது வலிப்பா, வேறா? வலிப்பு என்றால் எந்த வகை? அறுவைசிகிச்சைக்காக மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமா? நாளொன்றுக்கு எத்தனை முறை, நோயாளி அறியாமலே வருகிறது என்று எண்ண வேண்டுமா? முதல் கேள்விக்கு ஒன்றிரண்டு நிகழ்வு போதும். அறுவைசிகிச்சைக்குப் பல வேண்டும், மருந்தையும் குறைக்க வேண்டிவரும்.

அடுத்து, நிகழ்வு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று பாருங்கள். தினமும் வந்தால் 24 மணி நேரம் போதலாம். வாரம் ஒன்று என்றால் 3 முதல் 7 நாள் வரை திட்டமிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒன்று என்றால் படுக்கையில் காத்திருப்பதில் பயன் குறைவு. வீட்டார் கைபேசியில் எடுக்கும் வீடியோ முதலில் உதவும். அந்த வீடியோவில் முகம், கண்கள், இரண்டு கைகள், முடிந்தபின் பேச முயலும் விதம் எல்லாம் தெரிய வேண்டும். மருந்தைக் குறைக்கத் தேவையில்லாதபோது, வீட்டிலேயே அணிந்துகொள்ளும் கருவியும் சிறு கேமராவும் பல மையங்களில் கிடைக்கின்றன.

எத்தனை வகை நிகழ்வுகள் வருகின்றன என்பதையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து எழுதிவையுங்கள். செயல்சார் வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உண்மையான வலிப்பும் இருக்கிறது. ஒரு வகையை மட்டும் பதிவுசெய்துவிட்டு மற்றதுக்கான மருந்தையும் நிறுத்துவது பெரும் பிழை.

படி 2: வருவதற்கு முன்

முந்தைய இரவு தலைக்குக் குளித்து முடியை நன்றாக உலர்த்த வேண்டும். எண்ணெய், கண்டிஷனர், ஜெல் எதுவும் கூடாது; மின்முனை ஒட்டாது. சவுரி, செயற்கை முடி இருந்தால் எடுத்துவிட வேண்டும். தலைவழியே மாட்டும் உடை வேண்டாம், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை வேண்டும். பல நாள் ஒயர்களோடு இருக்கப்போகிறீர்கள். சாப்பிட்டுவிட்டு வரலாம். மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது, வரும் வழியிலேயே வலிப்பு வந்துவிடக்கூடும்.

கூட வருபவர் யார் என்பது முக்கியம். வழக்கமான நிகழ்வைக் கண்ணால் பார்த்தவர்தான் இருக்க வேண்டும். “வீட்டில் வருவதும் இதுதான்” என்று அவர் சொன்னால்தான் பதிவுக்கு மதிப்பு.

படி 3: மின்முனைகளைப் பொருத்துதல்

1958-ல் வெளியான 10–20 முறைதான் உலகம் முழுக்க அடிப்படை. மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரையும், ஒரு காதிலிருந்து மறு காது வரையும் நாடாவால் அளந்து, அந்தத் தூரத்தில் 10 சதவீதம், 20 சதவீதம் என்று புள்ளிகள் குறிப்பார்கள். காதுகள் உட்பட 21 இடங்கள். நீண்ட பதிவுக்கு அதோடு நிற்காதீர்கள். பெரியவர்களில் பல வலிப்புகள் நெற்றிப்பொட்டு மடலின் அடிப்பகுதியில் தொடங்குகின்றன. காதுமட்டத்தை ஒட்டிய கீழ்வரிசையில் பக்கத்துக்கு மூன்று மின்முனைகள் சேர்த்தால்தான் அவை தெரியும்.

கண்ணளவில் ஒட்டுவது கூடாது. ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் இடதுக்கும் வலதுக்கும் இல்லாத வேறுபாடு தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் தோலை லேசாகத் தேய்த்து, கடத்தும் பேஸ்ட் வைத்து, கொலோடியன் என்ற உலரும் பசையில் நனைத்த துணித்துண்டால் ஒட்டி உலர்த்துவார்கள். கொலோடியன் தீப்பற்றக்கூடியது, நெடியும் கடுமை. காற்றோட்டமான அறை வேண்டும், கண்ணருகே கூடாது. பேஸ்ட் மட்டும் வைத்து ஒட்டினால் ஒரு நாளைக்கு மேல் தாங்குவது கடினம், வலிப்பின்போது முதலில் கழன்றுவிழுவது அதுதான். பிறகு தலையைத் துணிப்பட்டையால் சுற்றி, ஒயர்களை ஒரே பின்னலாகப் பின்பக்கம் கட்ட வேண்டும்.

மின்தடை ஒவ்வொன்றிலும் 5 கிலோஓமுக்குக் கீழே இருப்பது நல்லது, 10-ஐத் தாண்டக் கூடாது. எல்லாம் ஏறத்தாழச் சமமாக இருப்பது அதைவிட முக்கியம். 100 ஓமுக்கும் குறைவாகக் காட்டினால் மகிழ வேண்டாம்: பக்கத்துப் பேஸ்ட்டோடு வழிந்து கலந்திருக்கும்.

மார்பில் இதயத்துடிப்புக்கான இரண்டு ஒட்டிகளை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது. உயிரைக் காப்பாற்றும் நோயறிதல் சில சமயம் அந்த ஒரு வரியில்தான் இருக்கும். விரலில் ஆக்சிஜன் அளவி, கண்களின் ஓரம் ஒவ்வொரு மின்முனை, துள்ளலோ குழந்தைகளின் குனிவு வலிப்போ சந்தேகமென்றால் இரு தோள் தசைகளிலும் ஒட்டி என்று தேவைக்கேற்பச் சேர்க்கலாம். பதிவு வேகம் நொடிக்கு 256 மாதிரிகளுக்குக் குறையக் கூடாது. கேமரா இருளிலும் பார்க்க வேண்டும், நோயாளியின் முழு உடலும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஒலியும் வேண்டும்: கத்தலா, முனகலா, குறட்டை போன்ற மூச்சா என்பது காதால் அறிய வேண்டியது.

படி 4: நிகழ்வை வரவழைத்தல்

காத்திருப்பதுதான் முதல் வழி. அதற்குமேல், தூக்கத்தைக் குறைப்பது, மூன்று நிமிடம் வேகமாக ஆழ்ந்து மூச்சுவிடச் செய்வது, கண்முன் விளக்கை வெவ்வேறு வேகத்தில் மின்னவிடுவது ஆகியவை வழக்கம். குழந்தைகள் சில நொடி உறைந்துபோகும் வகை வலிப்புக்கு மூச்சுப் பயிற்சி மிகச் சிறந்த தூண்டல். அண்மையில் பக்கவாதம் வந்தவர், மோயாமோயா (மூளை ரத்தக்குழாய்கள் குறுகும் நோய்) உள்ளவர், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர், கடுமையான இதய, நுரையீரல் நோயாளி ஆகியோருக்கு அதைச் செய்யக் கூடாது.

மருந்தைக் குறைப்பது மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் மட்டும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைப்பது பரவலான நடைமுறை. பினோபார்பிட்டோன், குளோனசிபாம் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் அந்த நிறுத்தமே கடும் வலிப்பைக் கொண்டுவரும். குறைக்கத் தொடங்குமுன் கையில் நரம்பூசி போட்டு வைத்திருக்க வேண்டும். அவசர மருந்தும் அளவும் அந்த நோயாளியின் பெயரில் எழுதித் தயாராக இருக்க வேண்டும். லோராசிபாம் என்றால் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 4 மில்லிகிராம்.

செயல்சார் வலிப்பு என்று நினைக்கும்போது வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றி “இது வலிப்பை வரவழைக்கும்” என்று சொல்லும் பழக்கம் இருந்தது. அது பொய். அந்தப் பொய் பின்னால் தெரிந்தால் நோயாளி மருத்துவரை மறுபடி நம்பமாட்டார், சிகிச்சைக்கோ நம்பிக்கைதான் அடித்தளம். மூச்சுப் பயிற்சி, விளக்கு ஆகியவற்றை, “இவை சிலருக்கு நிகழ்வைக் கொண்டுவரும், வந்தால் நமக்கு உதவும்” என்று உள்ளபடியே சொல்லிச் செய்தாலே பலருக்கு வந்துவிடும்.

படி 5: நிகழ்வு வரும்போது

பரிசோதனையின் தரம் இந்த இரண்டு நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது. செவிலியர், டெக்னீஷியன், கூட இருப்பவர் மூவரும் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

1. நிகழ்வு நேரத்தைப் பதிவில் குறிக்கும் பட்டனை அழுத்துங்கள். நோயாளிக்கு முன்னுணர்வு வந்தாலே அவரே அழுத்த வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் அழுத்தலாம்.
2. போர்வையை விலக்குங்கள், விளக்கைப் போடுங்கள். கேமராவுக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்காதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். வீடியோ முழுக்க உதவிக்கு வந்தவரின் முதுகுதான் இருக்கும்.
3. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “என்ன செய்கிறது?” என்று கேளுங்கள்.
4. “இரண்டு கையையும் தூக்குங்கள்” என்று சொல்லுங்கள். செய்யாவிட்டால் நீங்களே செய்துகாட்டுங்கள். பேச்சு புரியாததற்கும் நினைவு தப்பியதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெரியும்.
5. ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேளுங்கள். ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.
6. பார்ப்பதை உரக்கச் சொல்லுங்கள்: “கண் திறந்திருக்கிறது, தலை இடப்பக்கம் திரும்புகிறது, வலக்கை விறைக்கிறது.” கேமராவுக்குத் தெரியாதது ஒலியில் பதிவாகும்.
7. கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் கவனியுங்கள்.
8. உதறல் 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர மருந்து. பரிசோதனை அங்கே முடிந்தது, சிகிச்சை தொடங்கியது.
9. தெளிந்தபின் அந்தச் சொல்லைக் கேளுங்கள், இரு கைகளின் பலத்தைப் பாருங்கள், பேச்சு சரளமாக எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்று குறியுங்கள்.

மூச்சைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் உள்ள கண்காணிப்புப் பிரிவுகளில் நேர்ந்த இதய, மூச்சு நிறுத்தங்களை 2013-ல் ஓர் ஆய்வு திரட்டியது. வலிப்பைத் தொடர்ந்த திடீர் மரணங்கள் 16 இருந்தன. அவற்றில் 14 இரவில் நேர்ந்தவை. உடல் முழுக்க உதறும் வலிப்புக்குப் பிந்தைய சில நிமிடங்கள்தான் மிகக் கொடியவை, குப்புறக் கிடந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். இரவில் திரையைப் பார்க்க விழித்திருக்கும் ஒருவர் இல்லாத இடத்தில் மருந்தைக் குறைக்கக் கூடாது. விழுந்து அடிபடுவதைத் தடுக்க, கழிவறைக்குத் துணையோடு மட்டுமே போக வேண்டும், கட்டிலின் பக்கச் சட்டங்கள் உயர்ந்திருக்க வேண்டும்.

படி 6: பதிவைப் படித்தல்

முதலில் ஒலியோடு வீடியோவை மட்டும் பாருங்கள். அடுத்து அலையை மட்டும். பிறகு இரண்டையும் சேர்த்து நொடி நொடியாக. முதல் மாற்றம் எதில் வந்தது, உடலிலா அலையிலா, எத்தனை நொடி வித்தியாசம் என்று எழுதுங்கள். எழுதிவைத்த வகைகளில் இது எத்தனையாவது என்று உறவினரிடம் வீடியோவைக் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

வலிப்பு அலையின் அடையாளம் அதன் மாற்றம். ஓரிடத்தில் சிறு ஒழுங்கான அலையாகத் தொடங்கி, வேகம் மாறி, உயரம் கூடி, பக்கத்து இடங்களுக்குப் பரவி, சட்டென்று நின்று, அதன்பின் மெதுவான அலைகளாகத் தங்கும். நெற்றிப்பொட்டு மடல் வலிப்பில் நொடிக்கு 5 முதல் 9 வரையான ஒழுங்கான அலை ஒரு பக்கம் எழுவது வழக்கம். உறைந்துபோகும் குழந்தைகளிடம் நொடிக்கு 3 என்ற அளவில் கூர்முனையும் மெதுவலையும் இரு பக்கமும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும்.

மயக்கத்தில் கதை வேறு. இதயம் நின்று 6 முதல் 8 நொடிக்குள் நினைவு தப்பும். அலை மெதுவாகி, பெரிதாகி, மூளைக்கு ரத்தம் வராமலே நீடித்தால் தட்டையாகி, ரத்தம் திரும்பியதும் மீண்டும் மெதுவலையாகி இயல்புக்கு வரும். வரிசையை மட்டும் கவனமாகப் பாருங்கள். சில நெற்றிப்பொட்டு மடல் வலிப்புகள் இதயத்தையே நிறுத்திவிடும். அங்கே வலிப்பு அலை முதலில், இதய நிறுத்தம் பிறகு. இதயப் பதிவை மட்டும் பார்த்தவர் பேஸ்மேக்கரோடு நின்றுவிடுவார்.

செயல்சார் வலிப்பில், கூப்பிட்டால் பதிலில்லாமல் கிடக்கும்போதும் விழித்திருப்பவரின் இயல்பான ஆல்ஃபா அலை பின்தலையில் ஓடும். கண்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், திறக்க முயன்றால் இறுக்குவார். தலை பக்கவாட்டில் ஆடும், உதறல் நின்று நின்று தொடரும், இரண்டு நிமிடத்தைத் தாண்டும், அழுகை வரலாம். உதறலால் அலையில் அசைவுத் தடங்கள் விழுந்தாலும், அவற்றின் வேகம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாது. உண்மையான பெருவலிப்பில் கண்கள் திறந்திருக்கும். உதறல்களுக்கு இடையேயான இடைவெளி போகப்போக நீளும். முடிந்ததும் கரகரத்த ஆழ்ந்த மூச்சு வரும். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. தூங்கும்போது வந்ததா என்பதையும் அலையில்தான் பார்க்க வேண்டும்: கண்மூடிக் கிடந்தவர் அலைப்படி விழித்தே இருந்திருக்கலாம்.

உச்சந்தலைக்குத் தெரியாத வலிப்புகள்

ஏறத்தாழ 10 சதுர சென்டிமீட்டர் மூளைப்புறணி ஒன்றாகத் துடித்தால்தான் தலைக்கு வெளியே அலையாகத் தெரியும். நினைவு தப்பாத சிறு வலிப்புகளில் நான்கில் ஒன்றில் மட்டுமே இ.இ.ஜி. மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். வயிற்றிலிருந்து மேலே எழும் விசித்திர உணர்வு மட்டும் வந்து அலை மாறாவிட்டால், அது வலிப்பில்லை என்று எழுத உரிமை இல்லை.

முன்மடலின் உட்பக்கத்தில் தொடங்கும் வலிப்பு இன்னும் ஏமாற்றும். தூக்கத்திலிருந்து எழுந்து சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை உதைப்பார், கத்துவார், நினைவும் இருக்கலாம். அலையில் தசை அசைவு மட்டுமே தெரியும். பார்த்தவுடன் செயல்சார் வலிப்பு என்று தோன்றும். காப்பாற்றும் துப்புகள் மூன்று: பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும், உண்மையான தூக்கத்திலிருந்து எழும், ஒவ்வொரு முறையும் அச்சுப்பிசகாமல் அதேபோல் வரும். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்டதைப் பதிவுசெய்து வீடியோக்களை அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.

பதிவைக் கெடுப்பவை

மெல்லுதல், பல் துலக்குதல், தலை சொறிதல், குழந்தையை மடியில் தட்டிக்கொடுத்தல் எல்லாமே வலிப்பு அலைபோல் ஒழுங்காகத் தெரியும். வீடியோ பார்த்த நொடியில் புதிர் அவிழும். ஒரே மின்முனையில் மட்டும் திடீர் கூர்முனை வந்தால் அது கழன்றிருக்கிறது. வியர்வை மெதுவாக ஏறியிறங்கும் அலையைத் தரும். கட்டிலருகே மின்னூட்டத்தில் இருக்கும் கைபேசி 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் தரும். தினமும் காலையில் மின்தடையைச் சரிபார்த்து, தோல் சிவந்த இடத்தில் மின்முனையைச் சற்றே நகர்த்த வேண்டும். நெற்றியில்தான் புண் முதலில் வரும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கணக்கு வேறு. நினைவின்றிக் கிடப்பவருக்கு உடலில் ஓர் அசைவும் இல்லாமல் மூளைக்குள் வலிப்பு ஓடலாம். அங்கே 24 மணி நேரம், ஆழ்ந்த கோமா என்றால் 48 மணி நேரம் பதிவு தேவை. பிறந்த குழந்தைகளிலும் பெரும்பாலான வலிப்புகள் அலையில் மட்டுமே தெரியும்.

முடிவைச் சொல்லுதலும் வீடு திரும்புதலும்

அறிக்கையில் எத்தனை நிகழ்வு, எந்த வகை, வழக்கமானதுதான் என்று யார் உறுதிசெய்தார், மருந்து எந்த அளவில் இருந்தது, எது பதிவாகவில்லை என்பதெல்லாம் இருக்க வேண்டும். வழக்கமான நிகழ்வு வரவேயில்லை என்றால் “முடிவு எட்டவில்லை” என்று எழுதுவதே நேர்மை. “வலிப்பு இல்லை” என்று எழுதுவது தவறு.

செயல்சார் வலிப்பு என்று தெரிந்தால் அதை நோயாளியிடம் முகம்பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் நடிக்கவில்லை, உடல் அவர் கட்டுப்பாட்டை மீறி நடந்துகொள்கிறது, இதற்கு உளவியல் சிகிச்சை உண்டு என்று வீட்டார் கேட்கும்படி சொல்ல வேண்டும். வலிப்பு மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கலாம், வேறு காரணத்துக்காக அது தேவைப்படாதபட்சத்தில்.

வலிப்பு உறுதியானவர்களுக்கு, குறைத்த மருந்தை முழு அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்த பின்பே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கையில் எழுதிக் கொடுங்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் நிலைகொள்ளச் சில நாள் ஆகும். அதுவரை தனியாகத் தூங்க வேண்டாம், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். அவசர மருந்து வீட்டில் இருக்க வேண்டும், அதை எப்போது எப்படிக் கொடுப்பது என்று கூட இருப்பவர் செய்துகாட்டிய பிறகே அவர்களை வழியனுப்ப வேண்டும்.